காத்திருக்கும் தாயும் கழியொலிக் கருவியும்



வைத்தியசாலை ஒன்றின் நீண்ட விறாந்தையில், சுவரோரமாக இடப்பட்ட வாங்கிலே ஓர் இளம்பெண் அமர்ந்திருக்கின்றாள். அவளுடைய கையிலே மடித்த கடதாசி ஒன்று இருக்கின்றது. கருவுறை தெரிகின்றது, இதயத் துடிப்பு இன்னும் தெரியவில்லை, பதினான்கு நாட்களின் பின் மீண்டும் பார்க்க வேண்டும் என்பதே அக்கடதாசியில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ள இரண்டு வரிகளின் பொருள். காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது, ஆம் அல்லது இல்லை என்ற இரண்டில் ஒன்றைக் கேட்டுக்கொண்டு திரும்பலாம் என்றே அவள் எண்ணியிருந்தாள். இரண்டுமல்லாத ஒரு விடை உண்டு என்பதை அவளுக்கு எவரும் முன்னதாகச் சொல்லவில்லை.

நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் நாள்தோறும் எத்தனையோ பெண்கள் இவ்வாறு காத்திருக்கின்றனர். நோயும் அல்லாத, நலம் என்றும் துணிந்து சொல்ல இயலாத இந்நிலையிலே அவர்களுடைய மனம் படும் பாட்டை மற்றவர் எளிதில் அறியார். இவ்வளவு நுட்பமான கருவி இருந்தும் வைத்தியர் ஏன் உடனே சொல்லவில்லை? அவருக்குத் தெரியவில்லையா? தெரிந்தும் மறைக்கின்றாரா? தான் செய்த ஏதேனும் ஒன்றினால் இவ்வாறு நேர்ந்ததா? இவ்வினாக்களுக்கு இயன்ற அளவு தெளிவான விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலிலே அக்கருவி எவ்வாறு வந்தது என்பதைப் பார்ப்போம். மனிதருடைய செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுமே கேட்கும் ஆற்றல் உடையது. அதற்கு மேற்பட்ட மீடிறனை உடைய ஒலியைக் கழியொலி என்பர். 1880 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டுச் சகோதரர்களாகிய ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் இருவரும் சில பளிங்குகளை அழுத்தும்போது அவற்றிலே மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். அத்தகைய பளிங்குக்கு மின்னை ஊட்டினால் அது அதிர்ந்து ஒலியை எழுப்பும். ஒலி திரும்பி வந்து அதில் மோதினால் மின்னைப் பிறப்பிக்கும். வாயும் செவியும் ஆகிய இரண்டின் தொழிலையும் ஒரு சிறு பளிங்கே செய்கின்றது. முதலாம் உலகப் போரின்போது, கடலுக்குள் மறைந்து திரிந்த நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கும்பொருட்டுப் போல் லாஞ்செவன் என்னும் அறிஞர் இவ்வியல்பைப் பயன்படுத்தினார். பின்னர், உலோகத் தகடுகளுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டா என்று சோதிப்பதற்குத் தொழிற்சாலைகள் இதனைக் கையாண்டன.

கடலிலும் உலோகத்திலும் பயன்பட்ட இந்த உத்தியைத் தாயின் வயிற்றுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக விளங்கிய இயன் டொனால்ட் ஆவர். இரண்டாம் உலகப் போரிலே விமானப் படையில் பணியாற்றிய அவர், எதிரொலியைக் கொண்டு மறைந்திருப்பதை அறியும் முறைகளைப் பற்றி அங்கே தெரிந்துகொண்டார். 1955 ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகள் சிலவற்றை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அண்மையிலிருந்த ரென்பிரூ என்னும் ஊரின் கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கே உலோக வெடிப்புகளைச் சோதிக்கும் கருவியினால் அக்கட்டிகளைச் சோதித்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மாட்டிறைச்சித் துண்டொன்றும் வைக்கப்பட்டிருந்தது. திரவம் நிறைந்த கட்டி ஒருவகையாகவும், திண்மமான கட்டி வேறொருவகையாகவும் எதிரொலி தருவதை அவர் கண்டார். அதன்பின் ரொம் பிரௌண் என்னும் இளம் பொறியியலாளரும் ஜோன் மக்விக்கார் என்னும் வைத்தியரும் அவரோடு சேர்ந்து உழைத்தனர். 1958 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே இம்மூவரும் எழுதிய கட்டுரை 'லான்செற்' என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. தீராப் புற்றுநோய் என்று கைவிடப்பட்டிருந்த பெண் ஒருத்திக்கு உண்மையில் இருந்தது சூலகத்திலே தோன்றிய நீர்க்கட்டியே என்பதை இக்கருவி காட்டிற்று. கட்டி அகற்றப்பட, அவள் பிழைத்தாள். ஆகவே, மனிதர் அவசரப்பட்டு வழங்கிய தீர்ப்பைத் திருத்தியதிலிருந்தே இக்கருவியின் வரலாறு தொடங்கிற்று எனலாம்.

அக்காலத்திலே கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் வழக்கம் இருந்தது. கருவிலிருந்தபோது எக்ஸ்-கதிர் பட்ட குழந்தைகளுக்குப் பின்னாளிலே குருதிப் புற்றுநோய் போன்றவை தோன்றும் வாய்ப்புக் கூடுகின்றது என்று 1956 இல் இங்கிலாந்தின் அலிஸ் ஸ்ருவட் என்னும் வைத்தியப் பேரறிஞர் எடுத்துக் காட்டினார். கழியொலியோ அத்தகைய கதிர் அன்று, வெறும் அதிர்வே. தேவையளவுக்கு, பயிற்சி பெற்றோர் கையாளும்போது, இதனாற் கருவுக்குத் தீங்கு விளைந்ததாக இதுகாறும் நிறுவப்படவில்லை. ஆகையால், ஸ்கான் செய்ததனாலேயே கருவுக்கு ஏதும் நேர்ந்திருக்குமோ என்ற அச்சத்தைத் தாய்மார் விட்டுவிடலாம்.

இனி, இக்கருவி எவ்வாறு பார்க்கின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம். உடலின் மென்மையான பாகங்களூடே ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,540 மீற்றர் வேகத்தில் செல்லும். பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்திலுள்ள ஒரு பொருளிற் பட்டு அது திரும்பிவர, ஒரு செக்கனைப் பதினாயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூற்றுக்குச் சற்றே கூடிய நேரம் செல்லும். இந்நேரத்தை அளந்து, ஆழத்தைக் கணித்து, புள்ளி புள்ளியாகத் திரையிலே இட்டுக் கருவி படம் வரைகின்றது. ஆகவே நாம் திரையிலே காண்பது ஒளியினாற் பிடித்த நிழற்படம் அன்று. எதிரொலிகளைக் கணக்கிட்டு வரைந்த ஒரு வரைபடம். திரவம் எதிரொலி தராதபடியால் கறுப்பாகத் தெரியும். தசை சாம்பல் நிறமாகவும், எலும்பு வெண்மையாகவும் தெரியும்.

மீடிறன் கூடக் கூட நுட்பமான பொருளையும் பிரித்தறியலாம். ஆனால் ஒலி ஆழமாகச் செல்லும் வலு குறையும். வயிற்றின் மேலே வைக்கும் கருவி பெரும்பாலும் செக்கனுக்கு முப்பத்தைந்து இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் வரையான அதிர்வுகளைப் பயன்படுத்தும். யோனி வழியாகச் செலுத்தப்படும் மெல்லிய கருவியோ கருப்பைக்கு மிக அண்மையில் நிற்பதால், அதனிலும் கூடிய மீடிறனைப் பயன்படுத்திச் சிறியதையும் தெளிவாகக் காட்டும். வயிற்றின் மேலிருந்து பார்க்கும்போது தெரியாதது இம்முறையில் ஏறத்தாழ ஒரு வாரம் முந்தியே தெரியக்கூடும். இதனைச் சொல்லும்போது சிலர் கூசுவதும் அஞ்சுவதும் உண்டு. இதனாற் கருக் கலையாது. பெண் தாதி ஒருவர் உடன் நிற்கவேண்டும் என்று கேட்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு.

வயிற்றின் மேலே பார்க்கும்போது நிறையத் தண்ணீர் குடித்து வருமாறு சொல்வதும் காரணம் கருதியதே. 1963 அளவிலே டொனால்ட் குழுவினர், சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது அது குடலை ஒதுக்கி, கருப்பைக்கு ஒரு சாளரம்போல் அமைவதைக் கண்டனர். அச்சாளரத்தின் வழியே, வெளியிலே வயிறு சற்றும் தெரியாத ஆரம்பக் கர்ப்பத்தையும் அவர்களாற் பார்க்க முடிந்தது. அதே நகரிலே ஹியூ ரொபின்சன் என்னும் வைத்தியர் 1972 இல் ஏழாம் வாரமளவில் கருவின் இதயத் துடிப்பைக் கண்டறியலாம் என்று காட்டினார். அடுத்த ஆண்டிலே, கருவைத் தலை உச்சியிலிருந்து பிருட்டம் வரை அளந்து, அதன் வயதை ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு உட்பட்ட வேறுபாட்டோடு கணிக்கும் முறையையும் வெளியிட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் கணிப்பு முறை அதனை அடியொற்றியதே.

இவ்வளவு இருந்தும் ஏன் காத்திருக்கவேண்டும் என்னும் வினாவுக்கு இப்பொழுது வருவோம்.

கர்ப்பத்தின் வயதை நாம் கணக்கிடும் முறையே முதற் காரணமாகும். கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொண்டு வாரங்களை எண்ணுவது வைத்திய வழக்கம். ஆனால் அந்நாளிலே கரு உண்டாவதில்லை. இருபத்தெட்டு நாட்களுக்கு ஒருமுறை ஒழுங்காக மாதவிடாய் வரும் பெண்ணுக்கு, ஏறத்தாழ பதினான்காம் நாளிலே சூல்முட்டை வெளிப்படும். ஆகவே ஆறு வாரக் கர்ப்பம் என்று சொல்லும்போது, உண்மையிற் கருவின் வயது நான்கு வாரமே. முப்பத்தைந்து நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவளாயின், சூல்முட்டை வெளிப்படுவது இன்னும் ஒரு வாரம் பிந்தலாம். அவளுடைய கருவின் வயது அப்பொழுது மூன்று வாரந்தான் இருக்கும். நாளை மறந்து தவறாகச் சொன்னவர்களுக்கும், கருத்தடை மாத்திரையை நிறுத்திய சில நாட்களிலேயே கருவுற்றவர்களுக்கும் இக்கணக்கு மேலும் பிசகலாம். கணக்குப்படி ஏழு வாரமாகியும் ஐந்து வாரக் கருவே தெரிகின்றதெனில், கரு வளராமல் நின்றுவிட்டது என்பதும் பொருளாகலாம்; கணக்குத் தவறு என்பதும் பொருளாகலாம். ஒரு நாட் பார்வையால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

இரண்டாவது காரணம், கரு வளரும் ஒழுங்கிலே உள்ளது. யோனி வழியாகப் பார்க்கும்போது ஐந்தாம் வாரமளவிலே கருப்பையினுள் கறுத்த சிறு வட்டமொன்று தெரியும். அதுவே கருவுறை. சில நாட்களில் அதனுள்ளே மோதிரம் போன்ற கருவூண் பை தோன்றும். ஆறாம் வாரமளவில் அப்பையின் ஓரத்திலே ஓர் அரிசிமணியினும் சிறியதாய் முளையம் தெரியத் தொடங்கும். அதனுள்ளே மின்மினிபோல் இதயம் துடிக்கும். தொடக்கத்தில் நிமிடத்துக்கு நூறு முறையளவாக இருக்கும் அத்துடிப்பு, ஒன்பதாம் வாரமளவில் நூற்று எழுபது வரை உயரும். கருவுறை தெரிவது முதல் இதயத் துடிப்புத் தோன்றுவது வரை யாவும் ஏழெட்டு நாட்களின் எல்லைக்குள்ளே ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. திங்கட்கிழமை தெரியாத ஒன்று வெள்ளிக்கிழமை தெரியக்கூடும். முளையம் அப்பருவத்திலே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வளர்கின்றது. இரண்டு மில்லிமீற்றர் நீளமுள்ள முளையத்தில் துடிப்பைக் காணாதது இயல்பாகவும் இருக்கலாம்.

மூன்றாவது காரணம், அளப்பவரைப் பற்றியது. ஒரே கருவை இரு வல்லுநர்கள் ஒருவர்பின் ஒருவராக அளந்தாலும் இருவர் கணக்கும் சிறிது வேறுபடும். மில்லிமீற்றர்க் கணக்கிலே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அச்சிறு வேறுபாடும் பெரிதாகின்றது.

இவ்விடத்திலே வைத்திய உலகம் தன் பிழையிலிருந்து கற்ற பாடம் ஒன்றையும் கூறவேண்டும். 2009 ஆம் ஆண்டிலே அயர்லாந்து நாட்டில், கரு இறந்துவிட்டதென்று அறிவிக்கப்பட்ட ஒரு தாய், அதை அகற்றுவதற்குத் தரப்பட்ட மருந்தை உட்கொள்ளாது வேறோரிடத்தில் மீண்டும் பார்த்தபோது, கருவின் இதயம் துடித்துக்கொண்டிருக்கக் கண்டாள். இது வெளிவந்ததும் நாடு முழுவதும் இத்தகைய பிழைகள் பற்றி ஆராயப்பட்டது. 2011 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அதுவரை கையாண்ட அளவுகோல்கள் போதிய பாதுகாப்புத் தருவனவல்ல என்று காட்டினர். அதற்கு முன்பு அங்கே கருவுறையின் சராசரி விட்டம் 20 மில்லிமீற்றர் ஆகியும் உள்ளே ஒன்றும் தெரியாவிட்டால் கர்ப்பம் நிலைக்காது என்று முடிவு செய்தனர். அவ்வெல்லை 25 மில்லிமீற்றராக உயர்த்தப்பட்டது. முளையத்தின் நீளம் 7 மில்லிமீற்றர் ஆகியும் துடிப்பு இல்லையெனின் மாத்திரமே கரு இறந்தது என்று கொள்ளவேண்டும் என்ற விதியும் வகுக்கப்பட்டது. 2012 இல் அமெரிக்காவிலே கூடிய வல்லுநர்களும் இவ்வளவுகளையே ஏற்றனர். அவர்களுடைய முடிவு 2013 இல் வெளியாயிற்று.

இவ்வளவுக்குக் குறைந்த எதனையும் கண்டவிடத்து, வைத்தியர் தீர்ப்புக் கூறாது மீண்டும் பார்க்க வேண்டும். முதலில் கண்டது யாது என்பதைப் பொறுத்து, ஏழு நாட்கள் முதல் பதினான்கு நாட்கள் வரையும், சில வேளைகளில் அதற்கு மேலும், இடைவெளி விடப்படும். வயிற்றின் மேலிருந்து மட்டுமே பார்த்திருந்தால் பதினான்கு நாட்கள் விடுவது வழக்கம். எனவே, அப்பெண்ணுக்குச் சொல்லப்பட்ட பதினான்கு நாட்கள் வைத்தியருடைய அசட்டையினாலோ வசதிக் குறைவினாலோ வந்தவையென்று எண்ணவேண்டியதில்லை. உயிருள்ள ஒரு கருவையேனும் இறந்ததென்று தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இடப்பட்ட வேலி அது. கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் பழமொழி. காதுக்குக் கேளாத ஒலியைக் கண்ணுக்குத் தெரியும் படமாக்கும் இக்கருவிக்கு அப்பழமொழி சாலப் பொருந்தும்.

குருதியைச் சோதித்து அறிந்துவிடலாகாதா என்று சிலர் கேட்பர். கருவைச் சூழ்ந்த இழையம் சுரக்கும் ஓமோனின் அளவு, நலமான ஆரம்பக் கர்ப்பத்திற் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஆயின் ஒருமுறை மட்டும் எடுத்த அளவினால் ஒன்றும் துணிய முடியாது. ஒரே வாரத்திலுள்ள நலமான இரு தாய்மாரின் அளவுகளுக்கிடையே பெருத்த வேறுபாடு இருக்கலாம். நாற்பத்தெட்டு மணித்தியால இடைவெளியில் இருமுறை எடுத்து ஒப்பிட்டால் ஓரளவு குறிப்புக் கிடைக்கும். அங்கும் காத்திருத்தல் உண்டு.

இதுகாறும் பொறுமையைப் பற்றிப் பேசினோம். பொறுமை காக்கலாகாத இடம் ஒன்று உண்டு. அதனை நேயர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் பலோப்பியன் குழாயிலே தங்கிவிடுகின்றது. அது வளருங்கால் குழாய் வெடித்து வயிற்றினுள்ளே குருதி பெருகும். தாயின் உயிருக்கே ஆபத்தாகும். கர்ப்பம் என்று அறிந்தும் கருப்பையினுள்ளே கருவுறை தெரியாவிட்டால், வைத்தியர் இதனையே முதலில் ஐயுறுவர். அடிவயிற்றில் ஒருபுறமாகக் கடும் வலி, தோள்மூட்டின் நுனியில் காரணமற்ற வலி, தலைசுற்றல், மயக்கம், மிகுந்த குருதிப் போக்கு ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும், குறித்த நாள் வரட்டும் என்று இருத்தல் கூடாது. இரவோ பகலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சிறிதளவு குருதி படுதல் நலமான கர்ப்பத்திலும் காணப்படுவதே. எனினும் அதனையும் வைத்தியருக்கோ குடும்ப நல உத்தியோகத்தருக்கோ அறிவித்தல் வேண்டும்.

இனி, காத்திருப்பவளுடைய மனத்தைப் பற்றி ஒரு சொல். அறியப்பட்ட கர்ப்பங்களில் ஏறத்தாழ ஏழில் ஒன்று தானாகவே கலைந்துவிடுகின்றது. அவ்வாறு ஆரம்பத்திற் கலைவனவற்றுள் அரைவாசிக்கு மேற்பட்டவை, கரு உண்டாகும் வேளையிலேயே நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையிலோ அமைப்பிலோ நேர்ந்த பிசகினால் வருவன. அப்பிசகு, பெண் தான் கருவுற்றிருப்பதை அறிவதற்கு முன்னரே நேர்ந்துவிட்டது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது யாது? குடத்தைத் தூக்கினாள், பஸ்ஸிலே போனாள், படியேறினாள், அண்டை வீட்டாரோடு சண்டையிட்டாள், அன்றைக்கு அழுதாள் என்று காரணம் தேடுகின்றோம். அன்றாட வேலைகளாலும், ஒருநாட் கோபத்தாலும், அச்சத்தாலும், பயணத்தாலும் நலமான கருக் கலைவதில்லை. அசையாது படுக்கையிற் கிடந்தாற் கருத் தங்கும் என்பதற்கும் சான்று கிடையாது. புகைத்தலையும் மதுவையும் விலக்குதல், வைத்தியர் தந்த போலிக்கமில மாத்திரையைத் தவறாது உட்கொள்ளல், நீரிழிவு முதலிய நோய்களைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் என்பன நன்மை தருவன. அவற்றுக்கு மேல், இப்பதினான்கு நாட்களில் அவள் செய்யக்கூடியதும் செய்யத் தவறியதும் ஒன்றுமில்லை. இதனை அவளிடம் சொல்வது அவளுடைய கணவனுக்கும் மாமிக்கும் தாய்க்கும் உரிய கடமை.

மூன்று மாதம் நிறையும்வரை கர்ப்பச் செய்தியை வெளியிடாதிருத்தல் நம்மவரிடையே உள்ள வழக்கம். ஆரம்ப மாதங்களிற் கலைவது மிகுதியென்பதை அனுபவத்தாற் கண்ட மூத்தோர் அதனை ஏற்படுத்தியிருக்கலாம். ஆயினும் அவ்வழக்கத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. செய்தி வெளியே தெரியாதபடியால் கவலையும் வெளியே தெரிவதில்லை. அலுவலகத்திலே அவள் வழமைபோல் சிரித்துப் பேசவேண்டும், கலியாண வீட்டிலே யாரும் அறியாதபடி பந்தியில் அமரவேண்டும், "என்ன பிள்ளை, முகம் வாடியிருக்குது?" என்று கேட்பவருக்கு ஏதேனும் ஒரு பொய் சொல்லவேண்டும். கரு நிலையாது போய்விட்டாலோ, பிறர் அறியாத இன்பத்துக்காகப் பிறர் அறியாமலே அழவேண்டும். ஆகையால் ஊருக்குச் சொல்லாவிடினும், நம்பத் தகுந்த ஒருவரிடமேனும் சொல்லிவைத்தல் நன்று. உடன்பிறந்தாளாயினும் தோழியாயினும் ஒருவர் அறிந்திருத்தல் அவள் சுமையிற் பாதியை வாங்கிக்கொள்ளும்.

நம் நாட்டிலே இதற்கென ஒரு வாய்ப்பும் உண்டு. 1926 ஆம் ஆண்டு களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு, தாயின் வீட்டு வாசலுக்கே மருத்துவிச்சி செல்லும் முறை இங்கே வளர்ந்து வந்துள்ளது. இன்று குடும்ப நல உத்தியோகத்தர் என வழங்கும் அவர், மாத்திரைகளையும் அட்டையையும் தருவதற்கு மட்டும் உரியவரல்லர். கடதாசியில் எழுதியிருப்பதன் பொருளை அவரிடம் கேட்கலாம். இரவிலே தூக்கம் வரவில்லை என்பதையும் கூறலாம்.

ஸ்கான் செய்யும் அறையிலே கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு உள. கருப்பையினுள்ளே கருவுறை இருக்கின்றதா? அதனுள் யாது தெரிந்தது, எத்தனை மில்லிமீற்றர்? அடுத்த முறை எந்நாளில், யாது தெரியவேண்டும் என்று எதிர்பார்க்கின்றீர்கள்? இடையில் எந்தக் குறி தோன்றினால் உடனே வரவேண்டும்? இவற்றை ஒரு துண்டிலே எழுதிக்கொண்டு செல்வது நன்று. அச்சத்திலே நினைத்தது மறந்துபோகும். கருவியைப் பிடித்திருப்பவர் பேசாதிருந்தால் அதனையே தீய குறியென்று கொள்ளற்க. அளந்துகொண்டிருப்பவர் எண்ணிலே கருத்தை வைத்திருக்கின்றார். அதேவேளையில், அவ்வறையிலே பணி புரிவோரும் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். அளக்கப்போகின்றேன், சற்று நேரம் பேசமாட்டேன், முடிந்ததும் சொல்கின்றேன் என்ற மூன்று வார்த்தைகளைச் சொல்ல அரை நிமிடமும் வேண்டாம். கண் கலங்கிப் படுத்திருப்பவளுக்கு அவ்வார்த்தைகள் மருந்தாகும்.

இரண்டாம் முறையிலே இதயத் துடிப்புத் தெரிந்துவிட்டால், கலையும் வாய்ப்பு வெகுவாகக் குறைகின்றது. முற்றாக நீங்கியது என்று எவரும் உறுதி கூற இயலாது. துடிப்பு இல்லையென்று முடிவானால், அதன்பின்பும் அவசரம் தேவையில்லை. இயற்கையாக வெளியேறும்வரை காத்திருத்தல், மருந்து, சிறு சிகிச்சை ஆகிய வழிகளை வைத்தியர் எடுத்துரைப்பர். ஓரிரு நாள் யோசித்தும் முடிவு செய்யலாம். ஒருமுறை கருக் கலைந்த பெண்களிற் பெரும்பாலோர் அடுத்த கர்ப்பத்திலே நலமாகக் குழந்தை பெறுகின்றனர். ஆனால் இதனை அன்றைக்கே அவளிடம் ஆறுதலாகச் சொல்லிவிட வேண்டாம். "அடுத்த முறை சரிவரும்" என்பது உண்மையேயாயினும், போன கருவுக்காக அவள் அழுவதற்கு முதலில் இடம் விடவேண்டும்.

விறாந்தையிலே அமர்ந்திருந்த அப்பெண்ணிடம் மீண்டும் செல்வோம். அவளுக்கு நாம் முடிவைச் சொல்ல முடியாது. வைத்தியரும் இன்று சொல்ல முடியாது. ஆனால் அக்கடதாசியிலுள்ள பதினான்கு நாட்கள் எதற்காக என்பதை அவள் அறிந்துகொண்டால், அந்நாட்கள் குறையாவிடினும் அவற்றின் இருள் சிறிது குறையும். தன்னால் வந்த தவறு இதில் ஒன்றுமில்லை என்று அறிந்தால், அவள் தலை நிமிர்ந்து வீடு செல்வாள். அவள் பக்கத்திலே ஒருவர் அமர்ந்து, ஒன்றும் பேசாது, அவளுடைய கைப்பையை வாங்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை உடன் நடப்பாராயின், அதுவே அந்நேரத்தில் அவளுக்கு வேண்டிய பேருதவியாகும்.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ இன்று அவ்வாறு ஒருத்தி காத்திருக்கக்கூடும். அவளிடம் முடிவு என்னவென்று கேட்காதீர்கள். அந்நாளிலே நானும் கூட வரட்டுமா என்று கேளுங்கள்.